பாடு எப்படி என்று கேட்ட பிறகு: அறிமுகமில்லாதவரிடம் பேச்சைத் தொடங்கவும் வளர்க்கவும்

ராமேசுவரத்திலோ மண்டபத்திலோ மீன் இறங்கும் கரையில் அரைமணி நேரம் நின்று கவனித்தால், வியாபாரியும் படகுக்காரரும் எடுத்த எடுப்பில் விலையைப் பேசுவதில்லை என்பது தெரியும். காற்று எப்படி இருந்தது, வலை எங்காவது பாரில் (கடலடிப் பாறைத்திட்டில்) மாட்டியதா, மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததா என்று நாலைந்து வார்த்தை ஓடிய பிறகுதான் இருவர் கண்ணும் கூடையின் பக்கம் திரும்புகிறது. வெளியூர்க்காரருக்கு வெட்டிப் பேச்சாகப் படுகிற அந்தச் சிறிது நேரத்தில், எதிரே நிற்பவருக்கு இன்று அவசரமா, மனம் சரியில்லையா, வார்த்தையை நம்பலாமா என்பதை இருவருமே எடைபோட்டு முடித்துவிடுகிறார்கள்.

இந்தக் குசலப் பேச்சு எல்லோருக்கும் தானாக வந்துவிடுவதில்லை. வங்கிக் கிளையின் கடன் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர், காப்பீட்டு முகவர், கடலுணவு நிறுவனத்துக்காகக் கொள்முதல் செய்பவர், யாத்திரிகர்களுக்கு அறை வாடகைக்கு விடுபவர், பணிமாறுதலில் இந்தப் பக்கம் வந்த அரசு ஊழியர், இங்கிருந்து சென்னைக்கோ துபாய்க்கோ வேலைக்குப் போகிற பட்டதாரி ஆகிய எல்லோருக்கும் இது தொழிலின் ஒரு பகுதி. ஆயினும் இவர்களில் பலர் தமக்குப் பேச வராது என்றே சொல்லிக்கொள்கிறார்கள். கவனித்துப் பார்த்தால் அவர்கள் திணறும் இடம் இரண்டாவது கேள்வி. முதல் கேள்வியை யார் வேண்டுமானாலும் மனப்பாடம் செய்துகொள்ளலாம். அதற்கு வந்த பதிலைக் காதுகொடுத்துக் கேட்டு, அந்தப் பதிலுக்குள்ளிருந்தே எடுத்துக் கேட்கிற அடுத்த கேள்விதான் பேச்சு அங்கேயே நிற்குமா, வளருமா என்பதைத் தீர்மானிக்கிறது.

முதல் கேள்வி: நாளும் பருவமும் தருவது

முதல் கேள்விக்கு இரண்டு தகுதிகள் போதும். எதிரே இருப்பவருக்கு அது உங்களைவிட நன்றாகத் தெரிந்த விஷயமாக இருக்க வேண்டும்; அதற்குப் பதில் சொல்வதால் அவருக்கு எந்தச் சங்கடமும் வரக் கூடாது. இந்தக் கடற்கரையில் அப்படிப்பட்ட கேள்விகளுக்குப் பஞ்சமே இல்லை, நாள்காட்டியை மட்டும் தெரிந்து வைத்திருந்தால்.

ராமேசுவரம், மண்டபம் பகுதியில் விசைப்படகுகள் வழக்கமாகத் திங்கள், புதன், சனிக்கிழமைகளில் டோக்கன் பெற்றுக் கடலுக்குப் போய் மறுநாள் காலையில் கரை திரும்புகின்றன. நாட்டுப்படகுகளுக்கு மற்ற நாள்கள். எனவே செவ்வாய்க்கிழமை காலையில் படகுக்காரரைப் பார்த்து "பாடு எப்படிண்ணே?" (மீன் எவ்வளவு பட்டது) என்று கேட்பது பொருத்தமாக இருக்கும், திங்கட்கிழமை மாலையில், படகு கடலில் இருக்கும்போது, அதே கேள்வியை அவரிடம் கேட்டால் கரையைப் பற்றி ஒன்றும் தெரியாதவர் என்று உங்களை முடிவுகட்டிவிடுவார். அதிலும் மீன் இறக்கி, தரம் பிரித்து, ஐஸ் போட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் எந்தக் கேள்வியும் கேட்காமல் ஓரமாக நிற்பதே மரியாதை. ஏலம் முடிந்து டீக்கடைக்கு வரும்போதுதான் அவர் பேச்சுக்குத் தயாராகிறார்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். வருமானம் நின்றுபோன மாதங்கள் என்பதால் இந்த நாள்களில் பேச்சே எழாது என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் படகுக்காரருக்கு நிதானமாகப் பேச நேரம் கிடைப்பது இப்போதுதான். படகைக் கரையேற்றி, பலகை மாற்றி, வர்ணம் அடித்துக்கொண்டிருப்பவரிடம் "எஞ்சினையும் இறக்கிட்டீங்களாண்ணே?" என்று கேட்டால் அவர் அரைமணி நேரம் பேசுவார். நிவாரணத் தொகை வந்துவிட்டதா என்ற கேள்வியை, நீங்கள் அரசு அலுவலராக இருந்தால், தவிர்த்துவிடுங்கள். அது குசல விசாரிப்பாகத் தொடங்கி மனுநீதி நாளாக முடியும்.

கரையிலிருந்து சற்று உள்ளே தள்ளிப் போனால் பேச்சின் பொருள் மாறிவிடும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அதாவது ஐப்பசி, கார்த்திகையில், "கம்மா பெருகிருச்சா?" (கண்மாய் நிறைந்துவிட்டதா) என்பதைவிட நல்ல கேள்வி இந்த மாவட்டத்தில் கிடையாது. தை, மாசிக்கு மேல் மிளகாய்ப்பழம் பறிக்கும் காலம். ராமநாதபுரம் குண்டு மிளகாய் 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. அதனால் விலை ஏதும் கூடியதா என்று ஒரு சம்சாரியிடம் (விவசாயியிடம்) கேட்டுப் பாருங்கள், மண்டிக் கமிஷனிலிருந்து மழை வரை எல்லாம் வரிசையாக வரும். சாயல்குடிப் பக்கம் பனை ஏறும் பருவத்தில் பதநீரும் கருப்பட்டியும் பேச்சைத் தொடங்கித் தரும். ஆடி, புரட்டாசி, தை அமாவாசை நாள்களில் ராமேசுவரத்தில் யாரிடமும் வேறு எதையும் கேட்க வேண்டியதில்லை. கூட்டத்தைப் பற்றிக் கேட்டாலே போதும்.

2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாம்பன் ரயில் பாலம் இன்னும் சில ஆண்டுகளுக்குத் தாங்கக்கூடிய பேச்சுப்பொருள். 1914-இல் திறக்கப்பட்ட பழைய பாலம் இரண்டு கைகளாக விரிந்து கப்பலுக்கு வழிவிட்டது. புதியதில் நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே எழும்புகிறது. எது அழகு என்பதில் தீவுக்காரர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை, பேச்சுக்கு அது நல்லது. ஆனால் 1964 டிசம்பர்ப் புயலை இதே போலச் சாதாரணமாக எடுத்துவிட வேண்டாம். தனுஷ்கோடி அழிந்ததைச் சுற்றுலாக் கதையாகக் கேட்டுப் பழகியவர்கள், எதிரே இருக்கும் பெரியவர் அந்த இரவில் யாரையாவது பறிகொடுத்தவராக இருக்கலாம் என்பதை மறந்துவிடுகிறார்கள். அவராகச் சொன்னால் கேளுங்கள்.

இரண்டாவது கேள்வி

வங்கி ஊழியர் ஒருவர் படகு உரிமையாளரைச் சந்திக்கப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

"பாடு எப்படிண்ணே?"

"என்னத்தச் சொல்ல, சங்காயந்தான் நெறையா."

"அப்படியாண்ணே. நம்ம பேங்க்ல புதுசா ஒரு லோன் வந்திருக்கு…"

சங்காயம் என்றால் சாப்பாட்டுக்கு விலைபோகாத பொடிமீன். இந்தப் பேச்சு இங்கேயே முடிந்துவிட்டது. படகுக்காரர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்பார், காகிதத்தை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார், அத்தோடு சரி. அவர் சொன்ன பதில் கேட்கப்படவில்லை என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. அதே இடத்தில் வேறொருவர் இப்படிக் கேட்கிறார்:

"சங்காயம் எங்கிட்டுண்ணே போகுது, கோழித் தீவனத்துக்கா?"

"ஆமா, லாரி வந்து அள்ளிட்டுப் போயிரும். அது டீசலுக்குக்கூடக் கட்டாதுய்யா."

"ஒரு தடவ போயிட்டு வர டீசல் எவ்வளவுண்ணே பிடிக்கும்?"

இனி அவர் லிட்டர்க் கணக்கும் விலையும் சொல்வார். ஐஸ், பேட்டா, வலைச் செலவு எல்லாம் தொடர்ந்து வரும். கடன் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசாமலே, அந்தப் படகு எவ்வளவு தவணை தாங்கும் என்ற கணக்கு ஊழியருக்குக் கிடைத்துவிடுகிறது. படகுக்காரருக்கோ, தன் கஷ்டத்தை ஒருவர் உட்கார்ந்து கேட்டார் என்ற நிறைவு கிடைக்கிறது. இருவருக்கும் பயன்பட்ட அந்தப் பேச்சில் தந்திரம் எதுவும் இல்லை.

இதைப் பழகுவதற்கு ஒரே ஒரு வழிதான் எனக்குத் தெரிகிறது: பதிலில் எந்தச் சொல்லின் மீது குரல் அழுந்துகிறது என்று கவனிப்பது. "மகன் சென்னையில இருக்கான், வாரத்துக்கு ஒரு போனாவது பண்ணுவான்" என்று ஒரு தாய் சொல்லும்போது அழுத்தம் சென்னையில் இல்லை, ‘ஒரு போனாவது’ என்பதில் இருக்கிறது. சென்னையில் எந்த ஏரியா என்று கேட்பவர் தவறான முனையைப் பிடிக்கிறார். "எந்த நாள்ல பேசுவாரு?" என்று கேட்பவருக்கு அந்த அம்மா முழுக் கதையையும் சொல்வார். இதற்கு எதிரி நம் மனத்துக்குள் ஓடும் ஒத்திகைதான். அடுத்து என்ன சொல்லலாம் என்று நாம் யோசித்துக்கொண்டிருக்கும்போது அவர் சொன்னதில் பாதி காதில் விழுவதில்லை. விழாத பாதியில்தான் பெரும்பாலும் இரண்டாவது கேள்வி ஒளிந்திருக்கும்.

ஆனால் கேள்விக்கு மேல் கேள்வி அடுக்கினால் அது விசாரணையாகிவிடும். கடலோரக் காவல் சோதனைகளுக்குப் பழகிப்போன ஊர்களில் இந்த எச்சரிக்கை இன்னும் அவசியம். இரண்டு கேள்விகளுக்குப் பிறகு உங்களைப் பற்றி ஒரு வரி கொடுங்கள்: "எங்கப்பா லாரி ஓட்டினவரு, வீட்டுல எப்பப் பார்த்தாலும் டீசல் பேச்சுத்தான்." அவர் வேண்டுமானால் அதைப் பிடித்துக்கொள்வார், இல்லையென்றால் தன் கதைக்குத் திரும்புவார். அந்த ஒரு வரி உண்மையாக இருக்க வேண்டும். நெருக்கம் காட்டுவதற்காகப் புனைந்த உறவும் ஊரும் இந்தப் பக்கம் ஒரு வாரம்கூடத் தாங்காது, ஏனென்றால் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்.

அண்ணே, ஐயா, காக்கா

முறை தெரியாமல் அழைத்துவிட்டால் நல்ல கேள்வியும் வீணாகும். கரையிலும் கடைத்தெருவிலும் தன்னைவிட மூத்த ஆணுக்கு ‘அண்ணே’ பொதுவாகச் செல்லும். அறுபதைத் தாண்டியவருக்கும், முதல் சந்திப்பில் அந்தஸ்து புரியாதவருக்கும் ‘ஐயா’ பாதுகாப்பானது. கீழக்கரை, பெரியபட்டினம் போன்ற ஊர்களில் முஸ்லிம் குடும்பங்களுக்குள் மூத்தவரைக் ‘காக்கா’ என்றும் அக்காவை ‘ராத்தா’ என்றும் அழைக்கும் வழக்கம் உண்டு. வெளியாள் ஒருவர் போன மாத்திரத்தில் அதை எடுத்தாளுவது ஒட்டாது. ‘பாய்’ என்று எல்லோரையும் ஒரே சொல்லில் அடக்குவதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன், சிலர் அதை விரும்புவதில்லை. ‘ஐயா’விலோ ‘சாரி’லோ தொடங்கி, அவரோ அருகில் இருப்பவரோ தருகிற இடத்தைப் பார்த்து மாறிக்கொள்வதே முறை. பெரியவர் ஒருவர் ஸலாம் சொன்னால் பதில் ஸலாம் சொல்வதற்கு எந்த மதத்தவருக்கும் தடையில்லை.

பெண்களிடம் பேசும்போது நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். பாம்பன் சின்னப்பாலம் போன்ற ஊர்களில் தலைமுறைகளாகக் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்கள் இருக்கிறார்கள். சுயஉதவிக் குழுக் கடனுக்காகவோ கணக்கெடுப்புக்காகவோ அவர்களிடம் போகிற அலுவலர், வீட்டு ஆம்பளை எங்கே என்று கேட்டுத் தொடங்கினால் அந்தக் கதவு அப்போதே சாத்திக்கொள்ளும். ‘அக்கா’ என்று அழைத்து, "மரிக்கொழுந்துப் பாசி இப்பக் கிடைக்குதாக்கா?" என்று அவர் தொழிலைக் கேட்பவர் வேறொரு வரவேற்பைப் பெறுவார். வயதில் இளையவராயினும் முதல் சந்திப்பில் ‘நீ’ வேண்டாம்.

கேட்கக் கூடாதவை, கேட்கப்பட்டால் செய்ய வேண்டியவை

எந்த ஊர் என்று கேட்பது நம்மிடையே வணக்கத்துக்கு அடுத்த வார்த்தை. அதைத் தொடர்ந்து எந்தத் தெரு, யார் மகன், குலதெய்வம் எது என்று இறங்கும்போது, கேட்பவர் தேடுவது சாதியை என்பது கேட்கப்படுபவருக்கு உடனே புரிந்துவிடும். இது அறியாமல் நடப்பதாகச் சிலர் சமாதானம் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. தொழில்முறைச் சந்திப்பில் ஊர்ப்பெயரோடு நிறுத்திக்கொண்டு, அந்த ஊரின் கோயில் திருவிழாவையோ பேருந்து வசதியையோ கேட்டால் பேச்சும் வளரும், யாரும் குறுக வேண்டியதும் இல்லை. உங்களிடமே யாராவது அப்படிக் குடைந்தால், கோபப்படாமல், "உச்சிப்புளி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துலதாண்ணே. நீங்க அந்தப் பக்கம் வந்திருக்கீங்களா?" என்று கேள்வியை அவர் பக்கம் திருப்பிவிடலாம். இரண்டாம் முறையும் கேட்டால் சிரித்துவிட்டு வேலையைப் பற்றிப் பேசத் தொடங்குவது போதும்.

சம்பளம், கல்யாணம், குழந்தை ஆகிய மூன்றும் நம் வீடுகளில் அன்பின் பெயரால் கேட்கப்படுபவை. இவற்றை நீங்கள் கேட்காமல் இருக்கலாம். பிறர் கேட்பதைத் தடுக்க முடியாது. "நல்ல சேதி இருந்தா உங்களுக்குத்தான் முதல்ல சொல்வேன் சித்தி" போன்ற ஒரு பதிலைக் கைவசம் வைத்துக்கொண்டு, அதே மூச்சில் அவர் மகனைப் பற்றிக் கேட்டுவிட்டால் பெரும்பாலான சித்திகள் அந்தத் திசையிலேயே போய்விடுவார்கள்.

சபரிலிருந்து, அதாவது வெளிநாட்டு வேலையிலிருந்து, விடுமுறைக்கு வந்திருப்பவரிடம் "எப்ப வந்தீங்க?" என்று கேளுங்கள், "எப்பத் திரும்புறீங்க?" என்று கேட்காதீர்கள். வந்து இறங்கிய நாளிலிருந்து அவர் நூறு பேரிடம் பதில் சொல்லிச் சலித்த கேள்வி அது. வேலை போய் வந்தவராக இருந்தால் அது குத்தவும் செய்யும்.

இந்தக் கரைக்கே உரிய இன்னொன்றும் உண்டு. எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படையால் பிடிக்கப்பட்டவர்கள், படகைப் பறிகொடுத்தவர்கள், சிறையிலிருந்து மீண்டவர்கள் இங்கே பல குடும்பங்களில் இருக்கிறார்கள். வெளியூரிலிருந்து வருபவர்கள் செய்தித்தாளில் படித்த தெம்பில் கச்சத்தீவு பற்றிப் பேச்செடுத்து, 1974 ஒப்பந்தம் வரை தம் கருத்தைச் சொல்லி முடிக்கிறார்கள். எதிரே இருப்பவரின் தம்பி அந்த நேரத்தில் யாழ்ப்பாணச் சிறையில் இருக்கக்கூடும். அவராக எடுத்தால் மட்டும் கேளுங்கள், கேட்கும்போதும் அரசியலைவிட ஆளைக் கேளுங்கள்: வழக்கு எப்போது வருகிறது, வீட்டில் யார் பார்த்துக்கொள்கிறார்கள். உங்களால் செய்ய முடியாத உதவியை வாக்களித்துவிட வேண்டாம்.

உங்கள் ஊரைக் கேட்டால்

இங்கிருந்து வெளியே போகிறவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். நேர்முகத் தேர்விலும் அலுவலக விருந்திலும் "எந்த ஊர்?" என்ற கேள்வி நிச்சயம் வரும். "ராமநாதபுரம் பக்கம் சார்" என்று ஒற்றை வரியில் முடித்துவிட்டு, மேற்கொண்டு கேட்டுவிடுவாரோ என்று தரையைப் பார்ப்பவர்களே அதிகம். எதிராளி அதற்குமேல் எதைப் பிடித்துக்கொண்டு பேசுவார்? பதிலிலேயே ஒரு கொக்கி இருக்கட்டும். "மண்டபம் சார், பாம்பன் பாலம் ஏறுறதுக்கு முந்தின ஊர். பாலம் மேல போறப்ப வேன்ல தூங்குறவங்களக்கூட எழுப்பிருவாங்க." பாலத்தில் போனவராக இருந்தால் அவர் அனுபவத்தைச் சொல்வார், போகாதவராக இருந்தால் கேட்பார்.

‘தண்ணியில்லாக் காடு’ என்ற கேலியும் வரும். தண்டனை மாறுதலுக்கு உதாரணமாக இந்த மாவட்டத்தைச் சொல்லிச் சிரிப்பது மாநிலம் முழுக்கப் பழகிப்போன ஒன்று. இதற்கு முகம் சுருங்கவும் வேண்டாம், ஊர்ப்பெருமைச் சொற்பொழிவும் வேண்டாம். கொஞ்சம் ஒப்புக்கொண்டு கொஞ்சம் திருப்பினால் போதும்: "குடிக்கிற தண்ணி கஷ்டந்தான் சார், ஆனா மூணு பக்கம் கடல் இருக்கு." தொடர்ந்து அவர் அறியாத ஒன்றைச் சொல்லலாம். மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவில் 21 தீவுகள் உண்டு என்பதும், மத்தியக் கடல்மீன் வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகம் 1971-இல் கொச்சிக்கு மாறும்வரை மண்டபத்தில்தான் இயங்கியது என்பதும் பலருக்குப் புதிய செய்திகள். அப்துல் கலாம் பிறந்த ஊர் என்பதை எல்லோரும் சொல்வார்கள். நீங்களும் சொன்னால் பேச்சு அவரைப் பற்றிப் போய்விடும், உங்களிடம் திரும்பாது.

தொழில் பேச்சுக்கு மாறுவது

எவ்வளவு நேரம் குசலம் பேசலாம் என்பதற்கு இங்கே எழுதாத ஓர் அளவு உண்டு: டீ. கொடுத்த டீயைக் குடித்து முடிக்கும்வரை பொதுப்பேச்சு, டம்ளரைக் கீழே வைத்ததும் காரியம். டீயை வேண்டாம் என்று மறுத்துவிட்டு நேரே கோப்பைத் திறப்பவர் நேரத்தை மிச்சப்படுத்துவதாக நினைக்கிறார். எதிரே இருப்பவர் வேறுவிதமாக நினைக்கிறார். ரமலான் மாதத்தில் கீழக்கரைக் கடைகளுக்குப் பகலில் போகிறவர்கள் டீயை எதிர்பார்க்கவும் கூடாது, கையில் டீயோடு போய் நிற்கவும் கூடாது. வெள்ளிக்கிழமை நண்பகல் ஜும்ஆ நேரத்தில் சந்திப்பு வைத்துக்கொள்ளாமல் இருப்பதும், தங்கச்சிமடம், பாம்பன் பகுதிக் கிறிஸ்தவக் குடும்பங்களை ஞாயிறு காலையில் தேடிப் போகாமல் இருப்பதும் பேச்சுத் திறமையில் சேர்ந்தவைதாம்.

பொதுப்பேச்சிலிருந்து காரியத்துக்கு வரும்போது ஒரு படி வேண்டும். திடீரென்று குரலை மாற்றிக்கொண்டு "சரி சார், விஷயத்துக்கு வருவோம்" என்றால், அதுவரை பேசியது விஷயமே இல்லை என்று ஆகிவிடுகிறது. அவர் சொன்னதையே படியாக்கிக்கொள்ளுங்கள்: "ஐஸ் விலை ஏறிருச்சுன்னு சொன்னீங்கள்ல, அதப் பத்தித்தான் எங்க கம்பெனியில ஒரு ஏற்பாடு செய்யலாம்னு இருக்கோம்." இரண்டாவது கேள்வி கேட்டவருக்கு இந்தப் படி தானாகவே கிடைத்துவிடும், கேட்காதவர் எங்கிருந்து எடுப்பார்?

தொலைபேசியில் பொதுப்பேச்சை ஒரு வரியாகச் சுருக்கிக்கொள்ள வேண்டும், அதுவும் "இப்பப் பேசலாமாண்ணே?" என்பதற்குப் பிறகு. கடலுக்குப் போய் வந்தவர் பகலில் உறங்கக்கூடும் என்பதை வெளியூர் அலுவலகங்கள் நினைத்துப் பார்ப்பதே இல்லை. வாட்ஸப்பில் காலை வணக்கப் படங்கள் அனுப்புவதை உறவு வளர்ப்பதாக நினைப்பவர்களும் இருக்கிறார்கள். நான் அதில் சேர்த்தியில்லை.

ராமேசுவரத்தில் விடுதியும் கடையும் நடத்துகிறவர்களுக்கு மொழி ஒரு தடையாகத் தோன்றும். வடமாநில யாத்திரிகரிடம் இலக்கணம் தேவையில்லை. எந்த ஊரிலிருந்து வருகிறார்கள், எத்தனை நாள் பயணம் என்று கேட்கத் தெரிந்தால் போதும். அதைவிட அவர்களை நெருக்கமாக்குவது காரியத்துக்கு உதவும் ஒரு தகவல்: அக்னி தீர்த்தத்தில் குளித்து, கோயிலுக்குள் 22 தீர்த்தங்களிலும் நீராடிய பிறகு ஈரத்துணியோடு சந்நிதிக்குப் போக விடமாட்டார்கள், மாற்றுடை கொண்டுபோங்கள் என்பதும், ஸ்படிகலிங்க தரிசனத்துக்கு விடியுமுன் ஐந்து மணிக்கே வரிசையில் நிற்க வேண்டும் என்பதும் போல. அறை வசதியைப் பற்றிப் பத்து வரி சொல்வதைவிட இந்த இரண்டு தகவலும் அதிக நேரம் நினைவில் நிற்கும்.

கல்யாண வீடும் துக்க வீடும்

கல்யாண மண்டபத்தில் பேச ஆள் இல்லாமல் போனில் முகம் புதைப்பவருக்கு ஒரு யோசனை: தெரிந்த இருவரை ஒருவருக்கொருவர் அறிமுகப்படுத்தி வையுங்கள். பெயரை மட்டும் சொல்லி விலகிவிடாமல், "இவரு பரமக்குடியில தறி போட்டிருக்காரு, அவங்க பொண்ணு கடைக்குச் சேலை தேடிக்கிட்டிருக்காங்க" என்று இருவருக்கும் பொதுவான ஒன்றைச் சேர்த்துச் சொன்னால், அதற்குப் பிறகு உங்களுக்கு வேலையே இல்லை.

துக்கம் விசாரிக்கப் போன இடத்தில் பேச்சுத் திறமை என்பது பேசாமல் இருப்பதுதான். எப்படி நடந்தது என்பதை அந்த வீட்டார் வருகிறவர் எல்லோரிடமும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. நீங்களும் கேட்க வேண்டாம், அருகில் இருக்கும் உறவினரிடம் தாழ்ந்த குரலில் தெரிந்துகொள்ளலாம். கிளம்பும்போது போய்வருகிறேன் என்று சொல்வதில்லை என்பதை இளைஞர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கூச்சம், விடைபெறுதல், காதோடு வைத்துக்கொள்வது

கூச்சம் உள்ளவர்கள் பெரிய கூட்டத்தில் தொடங்க வேண்டாம். காய்கறிக்கடையில், ஷேர் ஆட்டோவில், ராமநாதபுரத்திலிருந்து ராமேசுவரம் போகும் பேருந்தில், வாங்க வேண்டியதை வாங்கிய பிறகு ஒரே ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டுப் பழகுங்கள். மீன்காரம்மாவிடம் "இது விளைமீனாக்கா, எப்படி வச்சா நல்லாருக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள்; இந்தக் கரையில் யாரும் அதற்குச் சுருக்கமாகப் பதில் சொன்னதில்லை. பதில் வராவிட்டாலும் இழப்பு ஒன்றும் இல்லை, அவருக்கு அன்று வேலை அதிகம் என்று வைத்துக்கொண்டு நகரலாம். நடுவில் விழுகிற மௌனத்தைக் கண்டு பதறி ஏதாவது ஒன்றைப் போட்டு நிரப்புவதும் தேவையில்லை. கடலைப் பார்த்துக்கொண்டு இருவர் சிறிது நேரம் சும்மா நிற்பதை இந்த ஊர்களில் யாரும் குறையாக நினைப்பதில்லை.

பேச்சை முடிக்கத் தெரியாததால்தான் பலர் தொடங்கவே அஞ்சுகிறார்கள். முடிவை அவருடைய வேலையின் மீது ஏற்றிச் சொல்வது மரியாதையான வழி: "சரிண்ணே, உங்க வேலையக் கெடுக்கல. எஞ்சின் வேலை முடிஞ்சதும் வந்து பார்க்கிறேன்." இதில் நன்றியும் இருக்கிறது, அடுத்த சந்திப்புக்கான முதல் கேள்வியும் இருக்கிறது. அந்த ‘எஞ்சின் வேலை’யைத் திரும்பி வந்ததும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்பது நல்லது; அடுத்த முறை அதைக் கேட்டுத் தொடங்குபவர் பழையவராகிவிடுகிறார்.

எழுதி வைத்ததை வேறு எவரிடமும் பகிரக் கூடாது என்பதில் மட்டும் கறாராக இருக்க வேண்டும். ஒருவருடைய பாடு, கடன், மகளுக்குப் பார்க்கும் வரன் ஆகியவை பேச்சோடு பேச்சாக உங்கள் காதுக்கு வரும்; வந்த வேகத்தில் அடுத்தவர் அவற்றை உங்களிடமே விசாரிப்பார், பெரும்பாலும் அதே டீக்கடையில். "அந்தப் படகுல இன்னைக்கி எறால் நல்லாப் பட்டுச்சாமே, எவ்வளவாம்?" என்று கேட்டால், "அதோ அண்ணனே வர்றாரு, அவருகிட்டயே கேளுங்க" என்று சொல்லிவிட்டு, கேட்டவருடைய படகைப் பற்றிக் கேளுங்கள்.